"நீங்க போயிட்டு வாங்க" என்று அப்பா சொல்வது எதனால்?

நீங்கள் கேட்டிருப்பது வழித்தடம் பற்றி. அப்பாவுக்கு 76 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். அம்மாவுக்கு 71, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிள்ளைகளுக்கு 12, 5. மே விடுமுறையில் சென்னையிலிருந்து கிளம்பி ஐந்து நாளில் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கொடைக்கானல் நான்கையும் பார்க்க எந்த வரிசை நல்லது, ரயிலா வண்டியா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: அம்மா பல வருடமாக ராமேஸ்வரம் போகவேண்டும் என்கிறார், அப்பா மட்டும் "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்கிறார், அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் வழித்தடம் தானாக அமைந்துவிடும்.

நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். 22 வருட வேலையில் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்கள். மருத்துவர் அல்ல என்பதால் எந்த மாத்திரையை எவ்வளவு போடவேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வயதான மனிதர் ஒரு நாளில் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறார், எங்கே தயங்குகிறார், எதைச் சொல்லாமல் மறைக்கிறார் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

"வீட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? சிகிச்சைக்கு வரும்போது தனியாகப் பேச்சுக் கொடுத்தால் பத்தில் ஏழெட்டுப் பேர் கடைசியில் வந்து நிற்கும் இடம் கழிப்பறை. வழியில் எங்கே போவது, இந்தியன் டாய்லெட்டாக இருந்தால் உட்கார்ந்து எழ முடியுமா, பேரப்பிள்ளைகள் எதிரில் வேட்டி நனைந்துவிட்டால் என்ன செய்வது. சர்க்கரை இருப்பவருக்கு அடிக்கடி சிறுநீர் வரும். ஆண்களுக்கு இந்த வயதில் புராஸ்டேட் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். இதை மகனிடம் சொல்ல எந்த அப்பாவுக்கும் வாய் வராது, மருமகளிடம் சொல்லவே மாட்டார். அதனால்தான் "எனக்கு இதிலெல்லாம் இஷ்டம் இல்லப்பா" என்று வேறு பெயரில் வெளியே வருகிறது. உங்கள் அப்பாவுக்கும் இதேதான் காரணம் என்று இங்கிருந்தபடி நான் அடித்துச் சொல்ல முடியாது. செலவு, யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது என்ற கூச்சம், பழைய மனத்தாங்கல் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். அதையும் நேராகக் கேட்காமல், "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எனக்கே நிறுத்தணும்பா, அந்த மாதிரிதான் பிளான் போட்டிருக்கேன்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அவர் முகத்திலேயே விடை தெரிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்த நானே இதில் தவறியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மாமா, அத்தை, எங்கள் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போனோம். ஒரே நாளில் விடியற்காலை அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம், தரிசனம், சாப்பாடு, பிறகு தனுஷ்கோடி, அதைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை என்று திட்டம் போட்டது நான்தான். அத்தை எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "நம்ம வீட்டுக்கு எப்பம்மா போறோம், கறவைக்கு நேரமாச்சே" என்றார். வீட்டில் மாடு இருந்து முப்பது வருடம் ஆகிறது. மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று என் கணவர் பயந்துபோனார். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். உடம்பில் நீர்ச்சத்து குறைந்து, சிறுநீரில் கிருமித்தொற்றும் இருந்தது. டிரிப்ஸ் ஏற்றி, மருந்து தொடங்கி, மறுநாள் மத்தியானத்துக்குள் பழைய அத்தையாக ஆகிவிட்டார். நடந்தது இதுதான்: மணற்பரப்பில் ஒதுங்க இடம் இருக்காது என்று, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். தொற்று அதற்கு முன்பே ஆரம்பித்திருக்கக்கூடும். ஆனால் அன்றைக்கு அவரை அந்த நிலைக்குத் தள்ளியது வெயிலும் குடிக்காத தண்ணீரும்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வயதாக ஆகத் தாக உணர்வே குறைந்துவிடும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும்போதும் நாக்கு கேட்காது. அதோடு பயணத்தில் பயந்துகொண்டு குடிப்பதைக் குறைத்தால் தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீர்க் குழப்பம் எல்லாம் வரிசையாக வரும். வயதானவர் ஒரே நாளில் திடீரென்று மாறிப் பேசினால், "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு மறைவான விஷயம், சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் நீர் மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அதைச் சாப்பிடுபவர்கள் பயண நாளில் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த மாத்திரை இருந்தால், கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் நேரத்தை மாற்றிப் போடலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தானாக நிறுத்துவது ஆபத்து.

இப்போது வழித்தடத்துக்கு வருகிறேன். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர், அங்கிருந்து கன்னியாகுமரி 300க்கு மேல், அங்கிருந்து கொடைக்கானல் 350 போல, பிறகு மீண்டும் மதுரைக்கு மலை இறக்கம். மொத்தம் 900 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஐந்து நாளில் ஏறக்குறைய மூன்று நாள் வண்டிக்குள்ளேயே போய்விடும். முழங்கால் தேய்ந்தவருக்கு நடப்பதைவிட மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுவதுதான் கொடுமை. அதனால் வரிசையை மாற்றிப் பயனில்லை, இரண்டு ஊரை எடுத்துவிடுங்கள். அம்மா கேட்டது ராமேஸ்வரம், அது இருக்கட்டும். மதுரை எப்படியும் வழியில் இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற, விடுமுறை நாளில் வரிசையில் வெகுநேரம் நிற்கவேண்டும். ஆடுகிற படகில் கால் வைத்து ஏறி இறங்கவேண்டும். திருவள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், சரிதான், ஆனால் அது இன்னொரு விடுமுறைக்கு இருக்கட்டும். கொடைக்கானலுக்கு மே மாதம் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2024 மே முதல் வண்டிகள் இணையத்தில் அனுமதி வாங்கவேண்டிய இ-பாஸ் முறை வந்தபிறகும் சீசனில் மலைப்பாதையில் வண்டிகள் நின்று நின்றுதான் போகின்றன, கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடம் கிடையாது.

மதுரையில் இரண்டு இரவு, ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு. அவ்வளவுதான். ஒரே அறையில் இரண்டாவது இரவு தூங்கும்போதுதான் வயதானவர்களுக்குக் குளியலறை எந்தப் பக்கம் என்பது காலுக்குப் பழகுகிறது. ராத்திரி விழுபவர்களில் பலர் புது இடத்தில் முதல் இரவில் விழுகிறவர்கள். இது ஆய்வு முடிவு அல்ல, என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் சொன்ன கதைகளிலிருந்து நான் கண்டது. ஒரு சின்ன இரவு விளக்கைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், எந்த விடுதியிலும் பிளக்கில் செருகிவிடலாம்.

ஒரு நாளில் ஒரே ஒரு பெரிய காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் காலையில். நம் ஊர்க் கோயில்கள் இந்த விஷயத்தில் நமக்கு உதவியாகவே இருக்கின்றன. பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் நடை சாத்தி, மூன்று நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். சாமி ஓய்வெடுக்கும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் ஐந்து வயதுப் பிள்ளையும் தூங்கட்டும். நடுவில் கிடைக்கும் அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்று திருமலை நாயக்கர் மஹால், காந்தி மியூசியம் என்று இழுத்துக்கொண்டு போவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஓய்வு வேண்டாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நீங்கள் ஒருவர் மட்டும் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுங்கள்.

சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில்தான். இரவு ரயில் வேண்டாம், பகல் ரயிலில் போங்கள். தேஜஸில் காலையில் ஏறினால் மத்தியானம் மதுரை. வைகை என்றால் மத்தியானம் ஏறி இரவில் இறங்கலாம். இரவு ரயிலில் எல்லோரும் தூங்கும்போது போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில், ஆடுகிற பெட்டியில், ஈரத் தரையில் கழிப்பறைக்கு நடப்பவர் உங்கள் அப்பா. திரும்பும்போது ராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயில்தான் வசதி என்றால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது, ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது பொருந்தும். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் போட முடியாது. அப்பா அம்மா இருவருக்கும் தனி டிக்கெட், மற்றவர்களுக்கு வேறு டிக்கெட் என்று போடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து குறைத்துவிட்டார்கள். மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியது, அதை நம்பிக் கணக்குப் போடவேண்டாம்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கும் முடிந்தால் ரயிலிலேயே போங்கள். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். 1914இல் திறந்த பழைய பாலத்தைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு 1964 டிசம்பர் புயலும், தனுஷ்கோடி அழிந்ததும், ரயிலே கடலில் போனதும் சின்ன வயதில் கேட்ட செய்தி. பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல அவருக்கு ஒரு ஜன்னல் சீட்டுப் போதும். வண்டியில் போனால் அவர் முன் சீட்டில் டிரைவரோடு உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் பின்னால் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மே மாதக் கோயிலில் நான் மிகவும் பயப்படுவது கல் தரைக்கு. இருபது வருடச் சர்க்கரையில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். பதினொரு மணி வெயிலில் பிராகாரத்துக் கல் சுடுவது பேரனுக்குத் தெரியும், அவன் குதிப்பான். தாத்தாவுக்குத் தெரியாது, நிதானமாக நடப்பார். ராத்திரி பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். சர்க்கரைக்காரருக்கு அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாக மாறி, விரலை எடுக்கும் அளவுக்குப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். எட்டு மணிக்குள் தரிசனத்தை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் போங்கள். தடிமனான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளட்டும். பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை, வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை நீங்கள் உங்கள் கண்ணால் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள், அவருக்கே தெரியாது என்பதுதான் அந்த நோயின் குணம். ராமேஸ்வரத்தில் இதோடு ஈரமும் சேரும். தீர்த்தக் கிணறுகளைச் சுற்றி வழியெல்லாம் தண்ணீர், காலுறையும் அங்கே வழுக்கும். அம்மா 22 தீர்த்தமும் ஆடியே ஆகவேண்டும் என்றால், இருபுறமும் ஆள் பிடித்துக்கொள்ள, கூட்டம் சேருவதற்கு முன் போங்கள். மாற்றுத்துணியைக் கையோடு எடுத்துப் போங்கள், ஈரத்தோடு சன்னிதிக்கு விடமாட்டார்கள். அது முடியாது என்று தோன்றினால் நீங்கள் ஆடிவிட்டு ஒரு பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து அம்மா தலையில் தெளியுங்கள். என் அத்தை இரண்டாவது முறை அப்படித்தான் செய்தார், திருப்தியாகத்தான் இருந்தார்.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் கிடையாது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. உள்ளே நுழையும்போதே பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் இன்ன இடம் என்று எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். அப்பா உட்கார்ந்திருக்க விரும்பினாலும் அதுவே நல்ல இடம்.

சாப்பாட்டு நேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்சுலின் போட்டுவிட்டு "அடுத்த ஊர்ல நல்ல ஹோட்டல் இருக்கு" என்று ஒரு மணி நேரம் தள்ளினால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், எரிச்சல், பேச்சுக் குழறல் என்று வந்தால் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சோதிக்கக் கருவி இல்லாவிட்டாலும் அறிகுறி இருந்தால் கொடுத்துவிடலாம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத்தான். இன்சுலினைக் காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், மே வெயிலில் அது கெட்டுவிடும். நேரம் மாறினால் அளவை மாற்றவேண்டுமா என்பது அவருடைய மருத்துவர் சொல்லவேண்டியது.

உள்ளூரில் வண்டி எடுத்தால் டெம்போ டிராவலர் வேண்டாம், முதல் படியே உயரம். இன்னோவா மாதிரி வண்டியில் கடைசி வரிசை பிள்ளைகளுக்கு. அம்மா ஏறும்போது முதலில் முதுகைக் காட்டி சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பட்டும். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் விரித்தால் எளிதாகத் திரும்பலாம், வண்டி கிளம்பும் முன் அதை எடுத்துவிடுங்கள். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்கிறீர்கள், இன்றிலிருந்து அம்மா நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் இரண்டு வேளை, முடிந்த அளவு செய்யட்டும். தொடைத் தசைக்கு இது உதவும் என்பதில் சந்தேகமே இல்லை. மருந்துக்கடையில் விற்கும் முழங்கால் உறையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சிலருக்குத் தெம்பு தருகிறது, சிலருக்கு வெயிலில் அரிப்புதான் மிச்சம். பயணத்தால் மூட்டுத் தேய்மானம் கூடிவிடுமா என்ற பயத்துக்கு, நான் பார்த்தவரை ஒரு வாரம் வலி கூடும், பிறகு பழைய நிலைக்கு வந்துவிடும். கால் வீங்கி, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வலித்தால் அது வேறு, உடனே காட்டவேண்டியது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். "பெரியவங்க இருக்காங்க, பிள்ளைகளைப் பாத்துப்பாங்க, நாம ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று அரிச்சல்முனையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முழங்கால் வலிக்காரப் பாட்டியால் கடலை நோக்கி ஓடும் ஐந்து வயதுப் பிள்ளையைத் துரத்த முடியாது, ஆனால் முடியாது என்று சொல்லவும் மாட்டார்.

அப்பா சக்கர நாற்காலியில் உட்கார ஒத்துக்கொள்ளமாட்டார், தெரிந்ததே. ரயில் நிலையத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பைகளை அதில் வையுங்கள். கொஞ்ச தூரம் போனதும் "பைய இறக்கு, நான் மடியில வச்சுக்கறேன்" என்று அவரே உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் இல்லை, ஆனால் ஆச்சரியப்படும் அளவுக்குப் பலர். ஆயுள் முழுக்கக் குடும்பத்துக்குச் செலவழித்தவர் மகன் காசில் கையைக் கட்டிக்கொண்டு வருவதும் கஷ்டம்தான். டிபன் செலவு, கோயில் அர்ச்சனை, ஆட்டோ இதெல்லாம் அவர் கையால் நடக்கட்டும்.

விடுதி பதிவு செய்யுமுன் போன் செய்து தரைத்தளமா, லிப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு சார்" என்பார்கள். குளியலறையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தரை டைல்ஸ் வழவழப்பும் அதில் தெரியும். அந்தப் படம் வந்ததும் "இந்த ரூம் போடலாமாப்பா?" என்று கேட்டு அப்பாவின் வாட்ஸப்புக்கும் அனுப்பிவிடுங்கள். வருகிறீர்களா என்று அதற்குமேல் கேட்கவேண்டாம்.